ஊரின் பெயரில் ஆடுவோர்

விளையாட்டை ஓய்வுநேரப் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடும் மனப்பான்மை நம் கல்விமான்களிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. நாட்டார் பாடலை ஆராய்வோம், கூத்தை ஆராய்வோம், கோயிற் கிரியைகளையும் குலமரபுகளையும் ஆராய்வோம். ஆனால் வெயில் தாழ்ந்த பின்னர், அறுவடை முடிந்த வயலோரத்து வெளியில் இருபத்திரண்டு இளைஞர் ஒரு பந்தைச் சுற்றி ஓடுவதும், அவர்களைச் சூழ ஓர் ஊரே திரண்டு நிற்பதும் ஆராய்ச்சிக்குரிய பொருளாக நமக்குத் தோன்றுவதில்லை. ஓர் ஊர் தன்னை 'நாங்கள்' என்று சொல்லிக்கொள்ளும் இடங்கள் மிகச் சில. கோயில் திருவிழா ஒன்று, செத்தவீடு மற்றொன்று, விளையாட்டுக் கழகம் மூன்றாவது. முதலிரண்டிலும் யார் எங்கே நிற்கவேண்டும் என்பது பிறப்பாலும் உறவாலும் முன்னரே வகுக்கப்பட்டுள்ளது. மூன்றாவதில் அது இன்னும் முடிவாகவில்லை. ஆகையினாலேயே அதைப்பற்றிப் பேசுவது பயனுடையதென்று கருதுகிறோம்.

கிளிநொச்சி மாவட்டத்தின் விளையாட்டு அமைப்பை அறியாத வாசகர்க்கு அதனைச் சிறிது விளக்குதல் நலம். 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமான இப்பகுதி கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி என நான்கு பிரதேச செயலாளர் பிரிவுகளைக் கொண்டது. ஊருக்கு ஒன்றோ இரண்டோ கழகங்கள் உள்ளன. பிரதேச செயலகத்தில் பதிவுபெற்ற கழகங்கள் முதலில் பிரதேச மட்டத்தில் மோதுகின்றன. அங்கு வென்றோர் மாவட்ட மட்டத்திற்கும், மாவட்டத்தின் பெயரைத் தாங்கியோர் வடமாகாண மட்டத்திற்கும், அதற்கப்பால் தேசிய விளையாட்டு விழாவிற்கும் ஏறிச் செல்கின்றனர். உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், கபடி, எல்லே, வலைப்பந்தாட்டம், மெய்வல்லுநர் போட்டிகள் யாவும் இந்த ஏணியிலேயே ஏறுகின்றன. இவையன்றி, மறைந்துபோன ஓர் இளைஞனின் நினைவாகவோ ஓர் ஆசிரியரின் நினைவாகவோ கழகங்கள் தாமே நடத்தும் ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டிகளும் பல உண்டு.

இப்போட்டிகளின் பஞ்சாங்கம் வயலின் பஞ்சாங்கமேயாகும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காலபோக விதைப்பும் மாரி மழையும் மைதானங்களை மூடிவிடும். தை, மாசியில் நெல் வீடு வந்து சேர்ந்த பின்னரே பந்து வெளியே வரும். சிறுபோகத்திற்கு இரணைமடுக் குளத்தில் நீர் போதியதாக இருந்தால் இளைஞர் மீண்டும் வரம்புக்குப் போய்விடுவர். நீர் குறைந்த ஆண்டில் ஆட்டங்கள் பெருகும். உழைப்பவன் எப்போது ஆடலாம் என்பதைக் குளத்தின் நீர்மட்டம் தீர்மானிக்கிறது என்று கூறின் அது மிகையன்று.

இந்த ஊர்கள் எவ்வாறு தோன்றின என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். இரணைமடு அணைக்கட்டு இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் எழுந்தது. 1936இல் தொடங்கிய குடியேற்றத் திட்டம், நிலமும் வேலையுமின்றி நெருக்குண்ட யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களை இக்காட்டுக்கு அழைத்துவந்தது. பல குறிச்சிகளிலிருந்து வந்தவர்கள் நீர்ப்பாசன வாய்க்கால்களின் ஓரமாக அடுத்தடுத்துக் குடியமர்ந்தனர். உருத்திரபுரத்தில் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்று ஊர்ப்பகுதிகள் இன்றும் இலக்கத்தால் அழைக்கப்படுகின்றன. பழைய ஊர்களுக்குக் குலதெய்வத்தின் பெயரோ மரத்தின் பெயரோ இருக்க, இங்கே நீர் பாயும் ஒழுங்கே ஊரின் பெயராயிற்று.

ஆனால் வந்தவர் அனைவரும் காணி பெற்று வந்தவரல்லர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழருட் பலர், 1958, 1977, 1983ஆம் ஆண்டுகளின் இனவன்முறைகளுக்குத் தப்பி வன்னிக்கு வந்துசேர்ந்தனர். தேயிலைத் தோட்டத்தில் கூலிகளாயிருந்தோர் நெல்வயலிலும் கூலிகளாயினர். பாரதிபுரம், மலையாளபுரம், தொண்டைமான்நகர் போன்ற குடியிருப்புகளில் அவர்களின் மக்களும் பேரர்களும் வாழ்கின்றனர். காணி உறுதியோ அனுமதிப்பத்திரமோ இன்றிப் பல்லாண்டுகள் வாழ நேர்ந்த குடும்பங்கள் அவர்களிடையே ஏராளம். ஒரே வாய்க்காலின் ஒரு கரையில் பத்தேக்கர்க் காரனும் மறுகரையில் அவனுடைய வயலில் வரம்பு கட்டுபவனும் வாழும் சமுதாயம் இவ்வாறு உருவாயிற்று. இந்த இரண்டு கரைகளையும் சேர்ந்த இளைஞர் ஒரே நிறச் சட்டை அணிந்து ஒரே ஊரின் பெயரில் ஆடுவார்களா என்பதே நாம் இங்கே எழுப்பும் வினா.

இவ்வினா ஏட்டிலிருந்து எடுத்ததன்று. மீள்குடியேற்றத்தின் பின்னரான சில ஆண்டுகளில் இம்மாவட்டத்து ஊர்க்கழகம் ஒன்றின் செயலாளர் பொறுப்பை நாம் வகித்தோம். அதன் பெயரை இங்கு கூறாமல் விடுகிறோம். அங்கு நடந்தது அந்தக் கழகத்திற்கு மட்டும் உரியதன்று. கழகத்தின் யாப்பில் உறுப்பினர் எல்லை 'பிரதான வாய்க்கால் வரை' என்று எழுதப்பட்டிருந்தது. அந்த எல்லையை வகுத்தவர்கள் காணிப்படத்தைப் பார்த்து வகுத்திருந்தனர். வாய்க்காலுக்கு அப்பால் குடியிருப்பு எதுவும் அப்படத்தில் இல்லை. அப்பால் இருந்த இளைஞரோ நாள்தோறும் எங்கள் மைதானத்தின் ஓரத்தில் நின்று, வெளியே உருண்டுவரும் பந்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தனர்.

அவ்வாறு பந்து எடுத்துக் கொடுத்தவர்களுள் ஒருவன் நல்ல கோல் காப்பாளனாக வளர்ந்தான். பிரதேச மட்டத்தில் எங்கள் அணி வென்று மாவட்டப் போட்டிக்குத் தெரிவான வேளையில், எங்கள் காப்பாளனுக்குக் கால் முறிந்தது. பெயர்ப்பட்டியலைக் கொடுக்க மூன்று நாள்கள் இருந்தன. நிர்வாகக் கூட்டத்தில் இரண்டு யோசனைகள் எழுந்தன. வெளிநாட்டிலிருக்கும் உறவினர் ஒருவர் அனுப்பும் பணத்தில், வேறு மாவட்டத்திலிருந்து பெயர்பெற்ற காப்பாளர் ஒருவரை இறக்கலாம் என்பது ஒன்று. வாய்க்காலுக்கு அப்பாலுள்ளவனை உறுப்பினனாக்கி ஆடவிடலாம் என்பது மற்றொன்று. முதலாவது யோசனையை எதிர்த்தோர் மிகச் சிலர். இரண்டாவதற்கோ பலத்த எதிர்ப்பு எழுந்தது. 'அவன் எங்கடை ஊரோ? வாய்க்காலுக்கு அங்காலை எல்லே!' என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். அப்போது, அணியின் பின்வரிசையில் ஆடும் இளைஞன் ஒருவன், அதுவரை வாய் திறவாதவன், எழுந்து கேட்டான்: 'வயலுக்கு மருந்தடிக்க வரேக்கை இஞ்சாலையான், பந்தடிக்க வரேக்கை மட்டும் அங்காலையானோ?'

கூட்டம் சற்றுநேரம் மௌனமாயிருந்தது. பின்னர் கை உயர்த்தி வாக்கெடுத்தோம். பதினொரு பேரில் ஆறு பேர் அவனுக்காகக் கை உயர்த்தினர். கழகத்திற்கு வலை வாங்கிக் கொடுத்திருந்தவர் மறுநாட் காலையிலேயே வலையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். வலையில்லாக் கம்பங்களுக்கிடையே எஞ்சிய நாள்களில் பயிற்சி செய்தோம். மாவட்ட ஆட்டத்தில் ஒரு கோலால் தோற்றோம். தோல்விக்குக் காரணம் 'அங்காலையான்' என்று சொன்னவர்களும் இருந்தனர். ஆயினும் அடுத்த பொதுக்கூட்டத்தில் யாப்பின் எல்லை வாசகம் திருத்தப்பட்டது. அவனோடு இன்னும் ஏழு பேர் சந்தாப்பணம் கட்டிச் சேர்ந்தனர். அவர்களின் தாய்மார் அவ்வாண்டுதான் முதன்முறையாக எங்கள் மைதானத்தின் உள்ளே வந்து அமர்ந்து ஆட்டம் பார்த்தனர்.

இச்சிறு நிகழ்ச்சியில் பெருமை பேசுவதற்கு எதுவுமில்லை. ஆனால் அக்கூட்டத்தின் முன்னிருந்த இரண்டு யோசனைகளையும் வாசகர் ஊன்றி நோக்குதல் வேண்டும். நூறு மைல் தொலைவிலிருந்து பணத்தால் அழைத்துவரப்படும் அந்நியன் ஊரின் பெயரில் ஆடலாம். ஊரின் வயலில் தினமும் உழைப்பவன் ஆடலாகாது! இந்த விசித்திரம் விளையாட்டினால் விளைந்ததன்று. நிலமுடையவனே ஊரவன் என்னும் பழைய கருத்து, காடு வெட்டிக் கட்டிய புதிய ஊரிலும் வேரூன்றிக்கொண்டதன் விளைவே இது.

கழகம் எவருக்குரியது என்னும் வினாவுக்கு வேறொரு தீவின் மக்கள் கண்ட விடை இங்கு ஒப்புநோக்கத் தக்கது. பஞ்சத்தாலும் நிலப்பிரபுக்களின் வெளியேற்றங்களாலும் சிதைந்திருந்த அயர்லாந்தில், 1884 நவம்பர் 1ஆம் நாள் தேர்ள்ஸ் என்னும் சிற்றூரின் விடுதியொன்றில் சிலர் கூடிக் கேலிக் விளையாட்டுச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். அதற்கு முன்னின்று உழைத்த மைக்கேல் கியூசாக் ஓர் ஆசிரியர். சங்கத்தின் காப்பாளர்களுள் ஒருவரான மைக்கேல் டேவிட், 1879இல் குத்தகைக் குடியானவரின் நிலச் சங்கத்தைக் கட்டியெழுப்பியவர். சிறுவயதில் தம் குடும்பத்தோடு குடிசையிலிருந்து வெளியேற்றப்பட்டவர். நிலத்துக்காகப் போராடியவர்களும் விளையாட்டுக்காகக் கூடியவர்களும் ஒரே கூட்டத்தினர் என்பது தற்செயலன்று.

அவர்கள் நாட்டுப்புறத்தில் வழங்கிய ஹர்லிங் என்னும் ஆட்டத்தை எடுத்து அதற்கு விதிகள் வகுத்தனர். அணிக்கு இன்று பதினைவர். கையில் ஆஷ் மரத்தாற் செய்த வளைமட்டை. உயரப் பறக்கும் சிறு பந்து. ஆட்டத்தினும் முக்கியமானது அதன் அமைப்பு. தேவாலயப் பங்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு கழகம். கழகங்கள் தம் மாவட்டக் கிண்ணத்துக்காக மோதும். 1887ஆம் ஆண்டுக்குரிய முதலாவது அகில அயர்லாந்துப் போட்டியில், மாவட்டத்தில் வென்ற ஊர்க்கழகமே மாவட்டத்தின் பெயரைத் தாங்கிச் சென்றது. 1888 ஏப்ரல் 1இல் நடைபெற்ற அதன் இறுதியாட்டத்தில் டிப்பரேரி மாவட்டத்துக்காக வென்றது தேர்ள்ஸ் கழகம். கால்வே மாவட்டத்துக்காகத் தோற்றது மீலிக் என்னும் ஊரின் கழகம். இன்றும் மாவட்டக் கிண்ணம் வென்ற கழகம் மாகாணப் போட்டிக்கும், அதற்கப்பால் அகில அயர்லாந்துக் கழகப் போட்டிக்கும் செல்கிறது. நம் பிரதேச, மாவட்ட, மாகாண ஏணியைப் பெரிதும் ஒத்த ஏணி அது.

ஆனால் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. அங்கே பல மாவட்டங்களில், வீரன் தான் வாழும் பங்கின் கழகத்துக்கே ஆடவேண்டும் என்பது விதி. ஆடுவோர்க்கு ஊதியமில்லை, எண்பதினாயிரம் பேர் பார்க்க இறுதியாட்டம் ஆடியவன் மறுநாள் பள்ளிக்கூடத்திற்கோ பண்ணைக்கோ வேலைக்குத் திரும்புகிறான். பணத்தைக் கொட்டி ஓர் ஊரின் பெயரை விலைக்கு வாங்குவது அங்கு எளிதன்று. ஊர் தன்னிடமுள்ள இளைஞரைக் கொண்டே நிமிரவேண்டும்; ஆகவே தன்னிடமுள்ள எவரையும் புறக்கணிக்க அதற்குக் கட்டுபடியாகாது. 2018இல் யுனெஸ்கோ நிறுவனம் ஹர்லிங்கை மானிட குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அச்செல்வத்தைக் காத்துவருவன ஊர்க்கழகங்களே.

அயர்லாந்தை மாசற்ற முன்மாதிரியாக நாம் காட்டவில்லை. கிரிக்கெட், ரக்பி முதலிய 'அந்நிய' ஆட்டங்களை ஆடியவரை அச்சங்கம் 1971 வரை விலக்கி வைத்திருந்தது. ஏகாதிபத்தியத்துக்கு எதிராக எழுந்த தடை, பின்னர் சொந்த மக்களின் முகத்திலேயே அடைக்கப்பட்ட கதவாயிற்று. கதவடைப்பின் மற்றொரு வடிவத்தை மேற்கிந்தியத் தீவுகளின் சிந்தனையாளர் சி.எல்.ஆர். ஜேம்ஸ், 1963இல் வெளியான 'பியோண்ட் எ பவுண்டரி' என்னும் நூலில் எடுத்துக்காட்டியிருக்கிறார். அவர் இளைஞராயிருந்த காலத்து டிரினிடாட்டில் செல்வரான வெள்ளையர்க்கு ஒரு கழகம், மாநிற நடுத்தர வகுப்பார்க்கு வேறொரு கழகம், கறுப்பரான கீழ்நடுத்தர வகுப்பார்க்கு இன்னொரு கழகம், ஏழைகட்குப் பிறிதொன்று என்று கிரிக்கெட் கழகங்கள் தோலின் நிறத்தாலும் தொழிலாலும் பிரிந்து கிடந்தன. ஒரு சமுதாயத்தின் வர்க்க அமைப்பை அறிய அதன் கழகப் பட்டியலைப் பார்த்தாற் போதும். குடாநாட்டில் வாசிகசாலையைச் சுற்றியும் தேவாலயத்தைச் சுற்றியும் குறிச்சிக்கொன்றாக எழுந்த கழகங்களை நோக்குவோர்க்கு இது புதிய செய்தியாகத் தோன்றாது. குறிச்சி என்பது பெரும்பாலும் சாதியின் மறுபெயரே.

கிளிநொச்சியின் கழகங்கள் அந்தப் பழைமையிலிருந்து விடுபடுவதற்கு வரலாறு ஒரு வாய்ப்பை அளித்தது. அதற்கு மக்கள் கொடுத்த விலை மிகப் பெரியது. 1996இல் இராணுவத்தினரும், 1998இல் விடுதலைப் புலிகளும், 2009 சனவரி 2ஆம் நாள் மீண்டும் இராணுவத்தினரும் இந்நகரைக் கைப்பற்றினர். ஒவ்வொரு முறையும் மக்கள் தம் ஊர்களைச் சுமந்துகொண்டு ஓடினர். கடைசி ஓட்டம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. எஞ்சியோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்களின் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டனர். காணி உள்ளவனும் இல்லாதவனும் ஒரே தறப்பாளின் கீழ் ஒரே வரிசையில் உணவுக்கு நின்றனர். மீண்டுவந்தபோது வீடுகளுக்குக் கூரையில்லை. மிதிவெடி அகற்றப்படும்வரை பல வெளிகளில் கால்வைக்க இயலவில்லை. பழைய பெயர்ப்பட்டியல்களில் இருந்தோர் பலர் உயிருடன் இல்லை. அந்நிலையிலும் இரண்டு தடிகளை நட்டு வலை கட்டிக் கரப்பந்து ஆடத் தொடங்கினர் இளைஞர். நாம் கண்டவரையில், கோயில் மணிக்கு முன்னரே மைதானத்தின் விசில் ஒலித்த ஊர்கள் உண்டு.

அந்தத் தொடக்க நாள்களின் ஆட்டத்தில் ஒரு சமத்துவம் இருந்தது. ஊரில் 'ஓவர் கேம்' என்றும் 'செற்றப் கேம்' என்றும் கரப்பந்தில் இருவகை வழங்குகின்றன. பின்னது உலக விதிப்படி அமைத்து அடிப்பது. பயிற்றுநரும் உயரமும் வேண்டுவது. முன்னது பந்தை நேரே வலைக்கு மேலால் அனுப்பி ஆடும் ஊர்முறை. கிழவரும் சிறுவரும் கலந்து ஆடக்கூடியது. மாவட்ட ஏணியில் ஏறுவது 'செற்றப்'. மாலைதோறும் ஊரைக் கூட்டியது 'ஓவர்'. இதேபோன்று, சிங்களக் கிராமத்தின் மட்டைப்பந்து ஆட்டமாகிய எல்லே தேசிய விளையாட்டு விழாவில் இடம்பெற, கோடு கீறிய வெறுந்தரையைத் தவிர வேறொன்றும் வேண்டாத நம் கிளித்தட்டோ பெரும்பாலும் பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு விழாக்களின் ஆட்டமாக ஒடுங்கிவிட்டது. அயர்லாந்துக் குடியானவர் தம் ஆட்டத்தையே ஏணியாக்கினர். நாம் பிறர் நிறுத்திய ஏணியில் ஏறுகிறோம். ஏறுவது தவறன்று. ஆனால் ஏணியில் ஏறத் தகுதியற்றவரென்று தரையில் விடப்படுவோர் யாவர் என்பதையும் நோக்குதல் வேண்டும்.

அவ்வாறு தரையில் விடப்பட்டோருள் பெண்கள் முதன்மையானவர். போர் ஆடவரைக் கொண்டுபோன பின் குடும்பத்தின் முழுச் சுமையையும் தாங்கும் பெண்கள் இம்மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோர். அவர்களின் புதல்வியர் பாடசாலை அணிகளில் உதைபந்தும் வலைப்பந்தும் எல்லேயும் திறம்பட ஆடுகின்றனர். பாடசாலையை விட்டு வெளியேறிய மறுநாள் அவர்களுக்கு மைதானம் மூடப்பட்டுவிடுகிறது. மாலை நேரம் ஆண்களுக்குரியது. இருட்டிய பின் பெண்கள் நிற்கலாகாது. ஆகவே பெண்கள் ஆடுவதற்கு நேரமேயில்லை என்பதே பல கழகங்களின் எழுதப்படாத யாப்பு. வாரத்தில் இரண்டு மாலைகளைப் பெண்களுக்கென ஒதுக்கி எழுதிவைப்பதற்குப் பணம் எதுவும் வேண்டியதில்லை.

பணத்தைப்பற்றியும் ஒரு சொல். லண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் வாழும் ஊரவர் அனுப்பும் உதவியால் பல மைதானங்கள் எழுந்துள்ளன; சீருடைகளும் சப்பாத்துகளும் வந்துள்ளன. அந்த அன்பை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் பரிசுத்தொகை ஏற ஏற, வெற்றி ஒன்றே குறிக்கோளாகி, ஒரு நாளைக்கு ஓர் ஊரின் சட்டையும் மறுநாள் வேறோர் ஊரின் சட்டையும் அணியும் கூலி வீரர்கள் தோன்றிவிட்டனர். அவர்களைப் பழிப்பதற்கில்லை, வேலையற்ற இளைஞனுக்கு அதுவும் ஒரு கூலி. பழிக்கப்பட வேண்டியது, தன் பிள்ளைகளைக் கோட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கிண்ணத்தை மட்டும் உள்ளே கொண்டுவரும் வழக்கமே.

இவற்றுக்கெல்லாம் பரிகாரம் பெருந்திட்டங்களில் இல்லை. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டமோ எந்த அமைச்சோ ஊர்க்கழகத்தின் மனத்தை மாற்றப்போவதில்லை. மாற்றத்துக்குரிய கருவி கழகத்தின் யாப்பு என்னும் நாலைந்து தாள்களே. காணி, பிறப்பு, சாதி ஆகியவற்றை விடுத்து, ஊரில் வாழ்பவர் எவரும் உறுப்பினராகலாம் என்று அதில் எழுதலாம். சந்தாப்பணம் கட்ட இயலாதவர் மைதானத்தைச் செப்பனிடும் உழைப்பால் அதை ஈடுசெய்யலாம் என்று எழுதலாம். மாவட்டப் போட்டிக்கான பட்டியலில் ஊரில் வாழ்பவரே இடம்பெறுவர் என்று எழுதலாம். மைதானக் காணி ஒரு தனிமனிதரின் தயவில் இல்லாது ஊரின் பொதுச்சொத்தாகப் பதியப்பட வேண்டுமென்று தீர்மானிக்கலாம்.

இந்தத் தாள்களை எழுதுபவர் யாவர்? பெரும்பாலான கழகங்களில் ஆசிரியரே செயலாளர். பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வரும் மாணவனே அறிக்கை எழுதுபவன். சமுதாய மாற்றத்தைப் பற்றி நூல்கள் கற்ற நம் கையில், அம்மாற்றத்தை ஒரு முழ அளவிலேனும் செய்து பார்ப்பதற்குரிய பேனா இருக்கிறது. மாவட்டக் கிண்ணம் ஓராண்டுக்கே ஓர் ஊரில் தங்கும். உறுப்பினர் பதிவேட்டில் எழுதப்படும் பெயர் நெடுங்காலம் நிற்கும். ஆகவே, அடுத்த பொதுக்கூட்டத்திற்கு முன்னர் உங்கள் ஊர்க்கழகத்தின் பதிவேட்டை ஒருமுறை விரித்துப் பாருங்கள். வாய்க்காலுக்கு அப்பாலுள்ளோர் பெயர்கள் அதில் எத்தனை என்று எண்ணுங்கள்.